அரை கிராம் சுரப்பியும் ஆண்களின் தீராத களைப்பும்

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மியான்மரிலும் மருத்துவர்கள் பார்த்துப் பதிவுசெய்திருக்கும் ஒரு வகை நோயாளி உண்டு. பெரும்பாலும் வயல்வேலை செய்பவர். காலையில் வேலைக்குப் போனால் உச்சிப்பொழுதுக்குள் வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார். பசி இல்லை. மற்றவர்களுக்குப் புழுங்கும்போது அவருக்குக் குளிர்கிறது. தினம் சவரம் செய்துகொண்டிருந்தவருக்கு இப்போது மாதம் ஒரு முறை செய்தால் போதும். அக்குள் முடி கொட்டிவிட்டது. தாம்பத்தியத்தில் நாட்டம் அற்றுப்போய்விட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. சலைன் ஏற்றினால் சற்றுத் தெம்பு வருகிறது, பிறகு பழைய கதைதான். மனச்சோர்வாக இருக்கும் என்கிறார் ஒருவர். வயசாகிறது இல்லையா என்கிறார் இன்னொருவர்.

அவருடைய நோய்க்கான காரணம் பல மாதங்களுக்கு முன்போ, சில சமயம் பல ஆண்டுகளுக்கு முன்போ நடந்து முடிந்துவிட்டது. அவரைக் கண்ணாடி விரியன் கடித்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்து, டயாலிசிஸ் வரை போய், நச்சுமுறி மருந்தால் பிழைத்து வீடு திரும்பியவர் அவர். விஷம் அன்று உயிரை எடுக்கவில்லை. தலைக்குள் இருந்த ஒரு சிறு சுரப்பியை மட்டும் அழித்துவிட்டுப் போயிருந்தது.

1987இல் 'தி லான்செட்' மருத்துவ இதழில் பர்மிய மருத்துவர் துன் பே, பிரிட்டனின் டேவிட் வாரெல் உள்ளிட்டோர் இதை விரிவாக எழுதினார்கள். கண்ணாடி விரியன் கடியால் இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியில் ரத்தக்கசிவு இருந்தது. பிழைத்தவர்கள் சிலருக்கு அந்தச் சுரப்பி நிரந்தரமாகச் செயலிழந்திருந்தது. இந்தியாவில் பாம்புக்கடியால் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பிழைத்தவர்கள் அதைவிடப் பல மடங்கு. கடிபட்ட எல்லோருக்கும் இந்தச் சேதம் நேர்வதில்லை. கடுமையாக விஷமேறியவர்களில் ஒரு பகுதியினருக்கே நேர்கிறது. ஆனால் நேர்ந்தவர்களில் பலருக்குத் தங்கள் களைப்புக்குப் பெயர் என்ன என்பதே தெரியாது.

பாம்பு கடிக்காத ஆண்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே சுரப்பியை வேறு பல காரணங்களும் முடக்குகின்றன. அவற்றின் அறிகுறிகள் ஆண்களிடம் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஓசையில்லாமல் வருகின்றன.

கடைமடையில் ஒரு சுரப்பி

மூக்கின் வேருக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில், எலும்பு குழிந்து ஒரு சிறு பள்ளம் இருக்கிறது. அதற்குள் உட்கார்ந்திருக்கிறது பிட்யூட்டரி. எடை சுமார் அரை கிராம். மேலே மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலிருந்து மெல்லிய காம்பு ஒன்றால் தொங்குகிறது. தைராய்டு எவ்வளவு சுரக்க வேண்டும், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பி எவ்வளவு கார்ட்டிசோல் தர வேண்டும், விந்தகங்கள் எவ்வளவு டெஸ்டோஸ்டிரோனும் விந்தணுவும் உண்டாக்க வேண்டும் என்பதையெல்லாம் இதன் ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன.

இதற்கு ரத்தம் வரும் வழி விசித்திரமானது. மற்ற உறுப்புகள் பெரும்பாலானவற்றுக்கு இதயத்திலிருந்து தமனி வழியாகப் புது ரத்தம் வருகிறது. பிட்யூட்டரியின் முன்பகுதிக்கு வருவது, முதலில் ஹைப்போதலாமஸின் அடியில் உள்ள நுண்குழாய்களில் பாய்ந்து, அங்கிருந்து திரண்டு, காம்பின் வழியே இறங்கும் ரத்தம். 1930இல் போப்பா, ஃபீல்டிங் என்ற இருவர் இந்தக் குழாய்களை விவரித்தபோது, ரத்தம் கீழிருந்து மேலே போவதாகக் கருதினார்கள். அது மேலிருந்து கீழே இறங்குகிறது, ஹைப்போதலாமஸ் தன் ரசாயனச் செய்திகளை அதில் கலந்தனுப்பித்தான் பிட்யூட்டரியை ஆள்கிறது என்பதை ஆங்கிலேய உடலியலாளர் ஜெஃப்ரி ஹாரிஸ் 1940களிலும் 50களிலும் நிறுவினார்.

ஏன் இப்படி ஓர் ஏற்பாடு? ஹைப்போதலாமஸ் அனுப்பும் செய்தி மிகமிகக் குறைந்த அளவிலானது. உடல் முழுக்கச் சுற்றி வந்தால் அது நீர்த்துப்போய்விடும். இந்தக் குறுக்குவழியில் நீர்க்காமல் போய்ச் சேர்கிறது. அதிலும் அளவு மட்டும் போதாது, தாளமும் வேண்டும். இனப்பெருக்கத்துக்கான செய்தி ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, துடிப்பு துடிப்பாக இறங்குகிறது. அமெரிக்க விஞ்ஞானி எர்னஸ்ட் நோபிலின் குழு 1978இல் ரீசஸ் குரங்குகளில் இதைக் காட்டியது. அந்தச் செய்தியை மணிக்கு ஒரு முறை செலுத்தினால் பிட்யூட்டரி வேலை செய்தது. அதையே இடைவிடாமல் செலுத்தியபோது வேலையை நிறுத்திவிட்டது. இன்று புராஸ்டேட் புற்றுநோய்க்குத் தரப்படும் ஒரு வகை ஊசி இந்த உண்மையைத்தான் பயன்படுத்துகிறது. ஓயாத செய்தியைக் கொடுத்து டெஸ்டோஸ்டிரோனை அடக்குகிறது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல்தானே? பிட்யூட்டரியின் முன்பகுதி ரத்த ஓட்டத்தின் கடைமடையில் இருக்கிறது. அழுத்தம் குறைந்தால் முதலில் வாடுகிறது. எலும்புக் குழிக்குள் இருப்பதால், வீங்கினாலும் விரிய இடமில்லை.

கண்ணாடி விரியனின் விஷம் இந்த இரண்டு பலவீனங்களையும் ஒருசேரத் தாக்குகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை அது வேகமாகத் தூண்டுகிறது. நுண்குழாய்களில் சிறுசிறு உறைகட்டிகள் உண்டாகின்றன. உறைவதற்கான சரக்கு தீர்ந்ததும் எங்கும் ரத்தம் கசிகிறது. ரத்த அழுத்தம் விழுகிறது. சுரப்பிக்குள் ரத்தம் கசிந்தாலும் சரி, ரத்தம் வராமல் போனாலும் சரி, திசு மடிகிறது. இதே விஷம் மருந்தாகவும் இருந்திருக்கிறது. 1934இல் ஹீமோஃபீலியா நோயாளிகளின் காயத்தில் ரத்தத்தை நிறுத்த, இங்கிலாந்தில் மேக்ஃபார்லேன் என்பவர் இதை நீர்த்துத் தடவினார். ரத்தம் உறையும் விதத்தைச் சோதிக்க இன்றும் ஆய்வகங்கள் இதைப் பயன்படுத்துகின்றன.

பெண்ணிடம் தெரிவது ஆணிடம் ஏன் தெரியவில்லை?

பாம்பின் விஷம் இல்லாமலேயே இதே நிலை பெண்களுக்கு வருவதை மருத்துவம் முன்பே அறிந்திருந்தது. பிரசவத்தில் மிக அதிகமாக ரத்தம் போன தாய்மார்களின் பிட்யூட்டரி மடிந்துபோவதை, கிளாஸ்கோவில் பணியாற்றிய ஹெரால்டு ஷீஹன் 1937இல் விளக்கினார். குழந்தை பிறந்தும் தாய்க்குப் பால் சுரக்காது. மாதவிடாய் திரும்ப வராது. குடும்பத்தில் எல்லோருக்கும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும்.

ஆணின் உடலில் அப்படி ஒரு மாதாந்தரக் கணக்கு இல்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைந்தால் எந்த ஒரு நாளிலும் எதுவும் நின்றுவிடுவதில்லை. ஆசை மெல்லத் தேய்கிறது. அதிகாலையில் இயல்பாக வரும் விறைப்பு அரிதாகிறது. தசை இளைக்கிறது, எலும்பு மெலிகிறது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் சற்றுக் குறைகிறது. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் வேறொரு காரணம் சொல்லிக்கொள்ள முடியும்: வேலைச் சுமை, கடன், தூக்கமின்மை, வயது. மிக முக்கியமான அறிகுறியைச் சொல்லக் கூச்சம் தடுக்கிறது. ஆண்களின் நோய் தாமதமாகப் பிடிபடுவதற்கு உடலின் அமைப்பு பாதிக் காரணம், அந்தக் கூச்சம் மீதி.

புரோலாக்டின் கட்டி இதற்குத் தெளிவான சான்று. பிட்யூட்டரியில் தோன்றும், ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் இதுவே அதிகம் காணப்படுவது. புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஆண்களின் ரத்தத்திலும் சிறிதளவு எப்போதும் இருக்கிறது. அது மிகுந்தால் ஹைப்போதலாமஸின் அந்தத் தாளத்தை அடக்கிவிடுகிறது. பெண்ணுக்கு மாதவிடாய் நிற்கும். சில மில்லிமீட்டர் அளவில் இருக்கும்போதே கட்டி பிடிபட்டுவிடும். ஆணுக்கு ஆசை குறைகிறது, அவர் பேசாமல் இருக்கிறார். கட்டி ஒரு சென்டிமீட்டரைத் தாண்டி வளர்கிறது. சுரப்பிக்கு நேர் மேலேதான் இரு கண்களின் பார்வை நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கின்றன. கட்டி அவற்றை அழுத்தும்போது இரு பக்க ஓரப் பார்வையும் மங்குகிறது. பக்கவாட்டில் வந்த வண்டி தெரியவில்லை என்றும் தலைவலி என்றும் கண் மருத்துவரிடம் போகும்போதுதான் பல ஆண்களுக்கு இது தெரியவருகிறது.

இத்தனைக்கும் இது மருந்துக்கு மிக நன்றாகக் கட்டுப்படும் கட்டி. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை சாப்பிடும் காபர்கோலின் மாத்திரையில் பெரும்பாலானோருக்குப் புரோலாக்டின் இறங்குகிறது, கட்டி சுருங்குகிறது. மண்டையைத் திறக்காமல் மாத்திரையாலேயே மூளைக்கு அடியிலுள்ள ஒரு கட்டி கரைவது மருத்துவத்தின் அழகான வெற்றிகளில் ஒன்று. இந்த வெற்றி, ரத்தத்தில் ஒரு ஹார்மோனை அளந்து பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றுவதில் தொடங்குகிறது.

கட்டி இல்லாமலும் புரோலாக்டின் ஏறும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கடைகளில் வாங்கிச் சாப்பிடும் டோம்பெரிடோன், மனநோய்க்குத் தரப்படும் ரிஸ்பெரிடோன் போன்றவை அதை உயர்த்தக்கூடியவை. பிட்யூட்டரியை முடக்கும் பிற காரணங்களும் உண்டு. விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவர்களில் கணிசமானோருக்குப் பின்னாளில் பிட்யூட்டரி குறைபாடு வருகிறது. ஆஸ்துமாவுக்கோ தோல்நோய்க்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுத் திடீரென நிறுத்தியவருக்குக் கார்ட்டிசோல் சுரப்பு எழ முடியாமல் கிடக்கும். சர்க்கரை நோயும் இதில் வருகிறது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 103 ஆண்களை அமெரிக்காவின் பஃபலோவில் பரிசோதித்து 2004இல் வெளிவந்த ஆய்வில், மூன்றில் ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தது. விந்தகத்தை விரட்ட வேண்டிய பிட்யூட்டரி அவர்களிடம் வாளாவிருந்தது.

இரண்டிரண்டாகப் படிப்பது

ஓர் ஆணின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் சுற்றிவரும் டெஸ்டோஸ்டிரோன் மொத்தமும் சேர்ந்து சுமார் 15 மைக்ரோகிராம். ஒரு கிராமை ஒரு லட்சம் பங்காக்கினால் அதில் ஒன்றரைப் பங்கு. இவ்வளவு சிறிய அளவுகளை அளக்க வழி திறந்தவர்கள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய இயற்பியலாளர் ரோசலின் யாலோவும் மருத்துவர் சாலமன் பெர்சனும். கதிரியக்க அணுக்களைக் கொண்டு இன்சுலினை அளக்கும் முறையை 1959-60இல் அவர்கள் வெளியிட்டார்கள். பெர்சன் 1972இல் இறந்துவிட்டார். 1977இல் யாலோ நோபல் பரிசு பெற்றார். ஹைப்போதலாமஸின் செய்திகளைப் பிரித்தெடுத்த கில்லெமினும் ஷாலியும் அதே ஆண்டு அதே பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

அளக்க முடிந்ததும் இன்னொரு அற்புதம் புலப்பட்டது. பழுது இருக்கிறது என்று மட்டுமல்ல, எங்கே இருக்கிறது என்றும் உடலே சொல்கிறது. கீழே உள்ள சுரப்பி தளர்ந்தால், பிட்யூட்டரி அதைத் தூண்டும் ஹார்மோனைக் கூட்டி அனுப்பும். அதனால் எந்த ஹார்மோனையும் அதைத் தூண்டும் ஹார்மோனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

டெஸ்டோஸ்டிரோன் குறைவு, அதைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான எல்எச் அதிகம் என்றால் பழுது விந்தகத்தில். பிறவியிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலை இதற்கு உதாரணம். 1942இல் பாஸ்டனில் ஹாரி கிளைன்ஃபெல்டர் விவரித்தார். 1959இல் பட்ரீஷியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்ட்ராங்கும் எடின்பரோவில் அந்தக் குரோமோசோமைக் கண்டார்கள். ஏறத்தாழ 600 ஆண்களில் ஒருவருக்கு இது இருக்கிறது. பெரும்பாலோர் தெரியாமலே வாழ்கிறார்கள். சிலருக்குக் குழந்தையில்லை என்று பரிசோதிக்கும்போது தெரிகிறது. இரண்டுமே குறைவு என்றால் பழுது மேலே, பிட்யூட்டரியிலோ ஹைப்போதலாமஸிலோ.

கார்ட்டிசோல் குறையும்போது தோலே சாட்சி சொல்லும். அட்ரினல் சுரப்பி கெட்டிருந்தால் பிட்யூட்டரி அதைத் தூண்டும் ஏசிடிஎச்சைக் கொட்டும். அது தோலைக் கருமையாக்கும். லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855இல் விவரித்த நோய் இது. அமெரிக்க அதிபர் ஜான் கென்னடிக்கும் இருந்தது. நம் நாட்டில் காசநோய் இதற்கு ஒரு முக்கியக் காரணம். நம் மாநிறத்தில் கருமை கூடுவது எளிதில் தெரியாது. ஈறையும் உள்ளங்கை ரேகையையும் பார்த்தால் தெரியும். பிட்யூட்டரியே கெட்டிருந்தால் இதற்கு நேர்மாறாகத் தோல் வெளிறும்.

தைராய்டில் ஒரு பொறி இருக்கிறது. வழக்கமான பரிசோதனை டிஎஸ்எச்சை மட்டும் பார்க்கும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் பிட்யூட்டரியில் சுரப்பது. பிட்யூட்டரியே பழுதானவருக்கு அது பார்வைக்குச் சாதாரணமாக இருந்துவிடலாம், தைராய்டு சுரக்கும் தைராக்ஸின் மட்டும் கீழே கிடக்கும். தொடக்கத்தில் சொன்ன அந்த விவசாயி டிஎஸ்எச் மட்டும் பார்த்து, தைராய்டு நன்றாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பப்படக்கூடியவர்.

ஊசிக்கு முன் காரணம்

களைத்த ஆண்கள் எல்லோருக்கும் ஹார்மோன் பழுது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஐரோப்பாவின் 8 நகரங்களில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களைப் பரிசோதித்து 2010இல் வெளியான ஆய்வு, வயதாவதால் வரும் டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு, கறாரான அளவுகோலின்படி, சுமார் 2 சதவீதத்தினருக்கே இருப்பதாகக் கண்டது. களைப்பு மட்டும் அடையாளமல்ல. ஆசைக் குறைவு, அதிகாலை விறைப்பு அரிதாவது, விறைப்புக் குறைபாடு ஆகிய மூன்றும் சேர்ந்து வருவதே குறைபாட்டோடு ஒத்துப்போனது. தூக்கத்தில் மூச்சுத் திணறல், மனச்சோர்வு, ரத்தசோகை, கட்டுப்படாத சர்க்கரை ஆகியவை களைப்புக்கு இன்னும் பொதுவான காரணங்கள்.

இதனால்தான் டெஸ்டோஸ்டிரோன் ஊசியைத் தாமாகவே போட்டுக்கொள்வது தவறு. வெளியிலிருந்து அது வந்ததும், போதுமானது இருக்கிறது என்று பிட்யூட்டரி எல்எச்சையும், விந்தணு உற்பத்திக்கு வேண்டிய எஃப்எஸ்எச்சையும் நிறுத்திவிடும். விந்தணு உற்பத்தி அறவே நின்றுபோகலாம். பிள்ளை வேண்டும் என்று இருக்கும் இளைஞன் உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளும் ஊசி, அந்தக் கனவையே தள்ளிப்போட்டுவிடும். கட்டியால் வந்த குறைபாட்டை ஊசியால் மூடினால் உள்ளே கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும்.

காரணம் தெரிந்துவிட்டால் மருந்து பெரும்பாலும் எளியது. பிட்யூட்டரி அழிந்திருந்தால், அது தூண்ட வேண்டிய ஹார்மோன்களை நேரடியாகக் கொடுத்துவிடலாம்: கார்ட்டிசோலுக்குப் பதில் ஹைட்ரோகார்ட்டிசோன், தைராக்ஸின், டெஸ்டோஸ்டிரோன். இதில் வரிசை முக்கியம். கார்ட்டிசோலை ஈடுசெய்யாமல் தைராக்ஸினை முதலில் கொடுத்தால் நோயாளி ஆபத்தான நிலைக்குப் போகலாம். காய்ச்சலும் வாந்தியும் வரும் நாளில் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவைக் கூட்ட வேண்டும் என்பதை வீட்டாருக்கும் சொல்லி வைக்க வேண்டும். இந்த மாத்திரைகளில் பல விலை குறைந்தவை. உட்கார்ந்துவிட்ட மனிதர் சில வாரங்களில் எழுந்து வேலைக்குப் போவதை மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

மாதக்கணக்கில் தீராத களைப்போடு ஆசைக் குறைவு, தாடியோ உடல் முடியோ குறைவது, மார்பு பெருப்பது, எழுந்து நின்றால் தலைசுற்றல், தொடர் தலைவலி, ஓரப் பார்வை மங்குவது ஆகியவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பாம்பு கடித்திருந்தால், எத்தனை ஆண்டுக்கு முன்பானாலும், அதைச் சொல்லுங்கள். தலையில் அடிபட்டது, காசநோய் வந்தது, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகள் என ஒன்றையும் விடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். ஆகவே வெறும் வயிற்றில் காலை பத்து மணிக்குள் ரத்தம் கொடுங்கள், குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடி பாருங்கள். எல்எச், எஃப்எஸ்எச், புரோலாக்டின், காலை நேரக் கார்ட்டிசோல், தைராக்ஸினுடன் டிஎஸ்எச் ஆகியவற்றையும் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். உங்கள் அப்பாவோ அண்ணனோ கணவரோ இப்படித் தளர்ந்து உட்கார்ந்திருந்தால், வயதாகிவிட்டது என்று சொல்வதற்கு முன் அந்த ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.